தினமும் 64 எழுத்துக்கு இடம் தருவீர்களா?

நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 38 வருடம் பத்திரம் எழுதியவன் நான். நிலப் பதிவேடுகளை பிளாக்செயினில், அதாவது பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பல கணினிகளில் வைக்கும் முறையில், ஏற்றிவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று பலரும் பேசுகிறார்கள். தமிழ்நாடு அரசும் 2020இல் பிளாக்செயினுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. எனக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் முக்கியமான ஒரு சங்கதி விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பண்ருட்டி பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் முந்திரிக்கொல்லை உண்டு. 2016இல் எடுத்த பட்டா நகலில் 0.40.5 ஹெக்டேர். 2021இல் எடுத்ததில் 0.04.5. ஒரு சுழி இடம் மாறியதில் ஒரு ஏக்கர் பதினோரு சென்ட் ஆகிவிட்டது. பட்டா எண், புல எண், உட்பிரிவு எல்லாம் அப்படியே இருந்தன. நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் பழைய அளவைத்தான் காட்டியது. எப்போது மாறியது, யார் கை பட்டது என்று சொல்ல ஆளில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைத் தூக்கியபோதே என் மூலப்பத்திரம் நனைந்து கூழாகிவிட்டது. நகல் மனு போட்டு வாங்கி, 14 மாதம் நடந்துதான் சரிசெய்தேன்.

பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்குவோம். முந்தைய பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் எழுதுவோம். அப்புறம் செக்குபந்தி, அதாவது நான்கு பக்கத்து எல்லை விவரம். பக்கத்துக் கொல்லைக்காரர் பத்திரத்தில் நான் அவருக்கு மேற்கே என்றால், என் பத்திரத்தில் அவர் எனக்குக் கிழக்கே இருக்க வேண்டும். ஒன்றில் பொய் எழுதினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

கணினிப் படிப்பு படிக்கும் என் பேத்தி, பட்டாவில் உள்ளதைத் தட்டச்சு செய்து எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போட்டுக் காட்டினாள். 64 எழுத்து வந்தது. ஒரே ஒரு புள்ளியை எடுத்தாள். முற்றிலும் வேறு 64 எழுத்து. இதை ஹாஷ் என்கிறார்கள். பதிவாளர் முன்னால் வைக்கும் பெருவிரல் ரேகை மாதிரி. பிளாக்செயினில் இந்த ரேகை மட்டும் ஏறினால் போதும், பேரும் விலாசமும் வெளியே போக வேண்டியதில்லை.

"சரி, புலப்படத்தை யாராவது திருத்தினால் பட்டாவின் ரேகை மாறுமா?" என்று கேட்டேன். மாறாது என்றாள். பட்டாவில் இருப்பது வெறும் புல எண்தானே! எண் சரியாகவே இருக்கும், அது காட்டும் படம் வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பூட்டினால் இந்த ஓட்டை அடைபடாது. பட்டாவில் புல எண்ணோடு புலப்படத்தின் ரேகையையும், பத்திர எண்ணோடு பத்திரத்தின் ரேகையையும் சேர்த்து எழுத வேண்டும். பின்னால் வரும் பதிவு, தான் சொல்லும் முந்தைய பதிவின் ரேகையைச் சுமக்க வேண்டும்.

செக்குபந்தியை ஒருவர் வடக்கில் தொடங்குவார், ஒருவர் கிழக்கில். நிலம் ஒன்றுதான், ரேகை இரண்டாகிவிடும். அதனால் வரிசையை முதலில் முடிவு செய்ய வேண்டும். இப்படி ஒன்றையொன்று சுட்டும் தரவுகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவரும் முறையை, இணையத்துக்குத் தரம் வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் 2024இல் தரமாகவே அறிவித்திருக்கிறது. இன்னொன்று, தப்பான அளவைப் பூட்டினால் தப்புதான் நிலைக்கும். வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் ஊரார் முன் வாசித்துத் திருத்திய பிறகே ரேகை எடுக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் என் வேண்டுகோள். சங்கிலி முழுவதும் ஒரே துறையின் கணினிகளில் இருந்தால், அவர்களே முதலிலிருந்து புதிதாகக் கோத்துவிட முடியும். ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991லேயே இதைத் தடுக்க வழி யோசித்தார்கள். பிளாக்செயினில் ஓடும் பிட்காயின் என்ற மின்னணுப் பணத்தை அறிமுகப்படுத்திய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையும் இவர்களை மேற்கோள் காட்டுகிறது. 1995 முதல் அவர்கள் முறையில் எடுத்த ஆவணங்களின் ரேகை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரத்தில் வாராவாரம் வந்தது. வீடு வீடாகப் போய்விட்ட பேப்பரை யார் திருத்த முடியும்?

நம் மாவட்டத்தின் ஒரு நாளைய பதிவுகளின் ரேகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அதற்கும் ரேகை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றுதான் நிற்கும். பத்து லட்சம் பதிவு இருந்தாலும் என் பட்டா அதில் இருக்கிறதா என்று பார்க்க 20 ரேகை போதும். அந்தக் கடைசி 64 எழுத்தை அரசு தினமும் கொடுத்தால், தங்கம் விலைக்குக் கீழே ஒரு வரி இடம் தருவீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.