களமிறங்கும் முன்பே தோற்கவைக்காதீர்கள்: உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2025

கூட்டமைப்பின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் மார்ச் மாதம் தொடங்கவிருக்கும், நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் கியூபாவும் வெனிசுவேலாவும் எவ்வளவு தூரம் முன்னேறும் என்று கணிக்க விரும்பும் ரசிகர்கள், இம்முறை ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களை விட்டுவிட்டு அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறோம். இந்த நிலையை மாற்ற உங்களால் முடியும் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு முன்பிருந்த அமைப்பு ஒருமுறை அதைச் செய்தும் காட்டியிருக்கிறது.

2005 டிசம்பரில், முதலாவது கிளாசிக் தொடங்க மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி, கியூப அணி பங்கேற்க அனுமதி கிடையாது என்று அமெரிக்கக் கருவூலத் துறை அறிவித்தது. அன்றைய சர்வதேச பேஸ்பால் கூட்டமைப்பு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கியூபாவைச் சேர்க்காவிட்டால் போட்டிக்குத் தந்த அங்கீகாரத்தையே திரும்பப் பெறுவோம் என்று எச்சரித்தது. ஆட்டங்களை நடத்தவிருந்த புவெர்ட்டோ ரிக்கோவும் விலகிக்கொள்ளப்போவதாகச் சொன்னது. தங்கள் பங்குக்கு வரும் தொகையைக் கத்ரீனா புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகக் கியூபா முன்வந்தது. 2006 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த அந்த அணி அரையிறுதியில் டொமினிக்கன் குடியரசை 3-1 என்று வென்று, இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 10-6 என்று தோற்று இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஒரு எழுத்தர் மேசையில் கோப்பு நகராமல் கிடந்திருந்தால் அந்த இறுதி ஆட்டமே வேறாக இருந்திருக்கும்.

இன்று நிலைமை அதைவிடக் கடினமானது. 2023 போட்டியில் கியூபா முதல் சுற்றைத் தைவானின் தைச்சுங்கிலும் காலிறுதியை டோக்கியோவிலும் ஆடியது. அமெரிக்க மண்ணில் ஆட வேண்டியிருந்தது மயாமியில் நடந்த அரையிறுதி மட்டுமே. 2026இல் முதல் சுற்று புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், காலிறுதி ஹூஸ்டனில், அரையிறுதியும் இறுதியும் மயாமியில். அதாவது முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை எல்லாமே அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட இடங்கள். வெனிசுவேலாவுக்கோ முதல் சுற்றே மயாமியில்தான். கடந்த ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் பிறப்பித்த பயணத் தடை இவ்விரு நாடுகளையும் உள்ளடக்கியது. விளையாட்டு வீரர்களுக்கு அதில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் கால்பந்து உலகக் கோப்பையும் ஒலிம்பிக்கும் மட்டுமே அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. மற்றப் போட்டிகளில் எது 'பெரிய போட்டி' என்பது வெளியுறவு அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

அந்த விருப்பம் எப்படி வேலை செய்யும் என்பதை ஜூலை மாதமே பார்த்துவிட்டோம். லத்தீன் அமெரிக்க அளவில் பட்டம் வென்ற மராக்காய்போ நகரத்துச் சிறுவர் அணி, தென் கரோலினாவில் நடந்த சீனியர் லீக் உலகத் தொடரில் ஆடத் தகுதி பெற்றிருந்தது. பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுவரை உள்ளவர்களுக்கான தொடர் அது. கராகஸில் அமெரிக்கத் தூதரகம் இயங்காததால் விசாவுக்காக அந்தப் பிள்ளைகள் கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போய் இரண்டு வாரங்கள் காத்திருந்தார்கள். விசா மறுக்கப்பட்டது, அவர்களின் இடத்தில் மெக்சிகோ அணி ஒன்று ஆடியது. அதே மாதத்தில் கியூபாவின் பெண்கள் கைப்பந்து அணி புவெர்ட்டோ ரிக்கோவுக்குப் போக முடியாமல் போனது. மார்ச் மாதம் கியூப பேஸ்பால் அணி இறங்க வேண்டியதும் அதே தீவில்தான். செப்டம்பர் தொடங்கி கரிபியன் கடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நிற்கின்றன, படகுகள் தாக்கப்படுகின்றன. இந்தச் சூழலில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது.

களத்தில் இவ்வணிகளின் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலா கோப்பையையே வெல்லக்கூடிய அணி. 2023இல் முதல் சுற்றின் நான்கு ஆட்டங்களையும் வென்ற பிறகு, காலிறுதியில் எட்டாவது இன்னிங்ஸில் அமெரிக்காவின் டிரே டர்னர் அடித்த கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ஓட்டம் தரும் அடிதான் அவர்களை வெளியே அனுப்பியது. அக்குன்யா போன்ற அவர்களின் நட்சத்திரங்கள் அமெரிக்காவிலேயே ஆடுகிறவர்கள், அவர்களுக்குச் சிக்கல் குறைவு. பயிற்சியாளர்களும் உள்நாட்டு லீகில் ஆடுகிறவர்களுந்தான் விசாவை நம்பி இருக்கிறார்கள்.

கியூபாவின் கதை வேறு. மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற அந்த நாடு டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. 2021 செப்டம்பரில் மெக்சிகோவுக்குப் போன 23 வயதுக்குட்பட்டோர் அணியின் 24 பேரில் பாதிப் பேர் நாடு திரும்பவில்லை. ஆட்டக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடக்காமல் அமெரிக்க அணிகளோடு முறைப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவகுத்த, கியூபக் கூட்டமைப்புக்கும் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுக்கும் இடையிலான 2018ஆம் ஆண்டு உடன்பாட்டை, நடைமுறைக்கு வருவதற்குள் 2019 ஏப்ரலில் வாஷிங்டன் ரத்துசெய்தது. கியூபாவிலிருந்து படகேறிப் போன ராண்டி அரோசரேனா 2023இல் மெக்சிகோவுக்காக ஆடி, அந்த நாட்டை அரையிறுதிவரை கொண்டுபோனார். ஒரு நாட்டின் வாய்ப்பு இன்னொரு நாட்டின் வாய்ப்பாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே 2023 போட்டியில், கருவூலத் துறை 2022 டிசம்பர் இறுதியில் வழங்கிய உரிமத்தால், லூயிஸ் ராபர்ட்டும் யோவான் மொன்காடாவும் மேஜர் லீக் ஆட்டக்காரர்களாக இருந்துகொண்டே கியூபாவின் சட்டையை அணிய முடிந்தது. கியூபா 2006க்குப் பிறகு முதல்முறையாகக் கடைசி நால்வருள் வந்தது.

பழி முழுவதும் ஒரு தரப்பினருடையது என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டைவிட்டுப் போனவர்களைத் துரோகிகளாக நடத்தியது கியூப அரசு. மயாமி அரையிறுதியில் பதாகைகளோடு மைதானத்துக்குள் ஓடிவந்தவர்களின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆகவே கியூபக் கூட்டமைப்பிடமும் நீங்கள் கேட்க வேண்டும்: ஆடத் தகுதியுள்ள, ஆட விரும்பும் ஒவ்வொருவரையும், அவர் எப்படி வெளியேறினார் என்று பாராமல் அழையுங்கள் என்று.

நான் கேட்பது இதுதான். போட்டியை நடத்தும் நாடு, வீரர், பயிற்சியாளர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் என அணியின் ஒவ்வொருவருக்கும் விசா உண்டு என்பதையும், தேவையான கருவூல உரிமத்தையும், தொடக்க நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று உங்கள் அங்கீகார விதிகளில் சேருங்கள். தராவிட்டால் அந்த அணியின் ஆட்டங்கள் ஜப்பானுக்கோ மெக்சிகோவுக்கோ போக வேண்டும். எங்கள் பக்கம் கிரிக்கெட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. இவ்விரு நாடுகளில் ஒன்று நடத்தும் தொடர்களில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டங்களை 2027வரை இருவருக்கும் பொதுவான வேறொரு நாட்டில் நடத்துவதாகச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2024 டிசம்பரில் முடிவு செய்தது. அந்த ஏற்பாட்டில் குறை உண்டு; சாம்பியன்ஸ் டிராஃபியில் இந்தியா துபாயைவிட்டு நகராமல் ஆட, மற்ற அணிகள் பறந்து வந்தன. என்றாலும் யார் எங்கே ஆடுவார்கள் என்பது இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதே விதி வயதுவரம்பு உள்ள போட்டிகளுக்கும் பொருந்த வேண்டும், ஏனென்றால் மராக்காய்போ பிள்ளைகளுக்கு அந்த வயது திரும்ப வராது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலுக்கு ஆறே அணிகள்தான். அதற்குள் விதியை மாற்ற உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. மார்ச் மாதப் போட்டிக்கு அவகாசம் இல்லை. ஆகவே கிளாசிக் அமைப்பாளர்களிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள், கியூபா, வெனிசுவேலா அணிகளில் எத்தனை பேருக்கு அனுமதி வந்திருக்கிறது, எத்தனை பேருக்கு வரவில்லை என்பதை ஆண்டு முடிவதற்குள் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்