ஏகாம்பரத்துக்கு, காட்பாடியிலிருந்து

அன்புள்ள ஏகாம்பரம்,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. தாமதத்துக்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். வேலூர் வெயிலைத் தெரிந்தவன், நம்பிவிடுவாய். ஆனால் கையைக் கட்டிப்போட்டது நீ கேட்ட கேள்விதான்.

மெல்பர்னில் உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் நாள் குறித்து, பிள்ளைகளை வரவழைத்து, உயிரை முடிக்க டாக்டர்கள் அனுமதித்த மருந்தைக் குடித்துப் போய்ச் சேர்ந்ததை எழுதியிருந்தாய். அங்கே 2019 ஜூனிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும், நோயாளி தெளிந்த புத்தியோடு மூன்று தடவை கேட்க வேண்டும். "நம்ம ஊருக்கு எப்போடா வரும்?" என்று முடித்திருந்தாய்.

குடியாத்தம் அக்கா போன ஆவணியில் போய்விட்டதை போனில் சொன்னேன். அதற்கு முந்தைய நாலு மாதத்தைச் சொல்லவில்லை. புற்று இடுப்பெலும்புக்கு இறங்கிவிட்டது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரியில் புரண்டு படுக்க முடியாமல் தலையணை உறையைக் கடிப்பாள். "தம்பி, ஒரு ஊசி போட்டு அனுப்பிடச் சொல்லுடா" என்பாள்.

அப்புறம்தான் வலி தணிப்பு மருத்துவம் தெரிந்த ஒரு டாக்டரம்மா கிடைத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. போதைப்பொருள் என்று 1985 சட்டம் போட்ட பூட்டைக் கொஞ்சம் தளர்த்தவே 2014 வரை ஆனதாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கொடுப்பேன். மூணாம் நாள் காலை, இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிடைக்குமா என்று கேட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காயாகச் செய்து கொடுத்தோம். ரெண்டு வாய்தான். காம்பைப் பிடித்துச் சப்பிவிட்டு, "உப்பு கம்மி" என்றாள்.

இங்கேயே நிறுத்தினால், வலி போனால் சாவை யாரும் கேட்கமாட்டார்கள் என்று கதையாகிவிடும். வலி இல்லாத ஒரு சாயங்காலம் மறுபடி கேட்டாள். கூடத்தில் மகனும் மருமகனும் ஓட்டு வீட்டை விற்பதைப் பற்றிப் பேசியது காதில் விழுந்திருக்கிறது. "வீட்ட வித்துடாதீங்கடா, என்ன சீக்கிரம் அனுப்பிடுங்க." உங்கள் ஊர் டாக்டர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் அக்கா மூன்று தடவையும் தெளிவாகத்தான் கேட்டிருப்பாள். அது அவள் விருப்பமா, அந்த வீட்டின் விலையா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வலி தீராத தெருவில் இந்தச் சட்டம் முந்திக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

செஞ்சிக்குப் போனபோது திருநாதர்குன்றில் பார்த்தோமே, 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட சமண முனிவர் சந்திரநந்தி ஆசிரியர் கல்வெட்டு, ஞாபகமிருக்கிறதா? நீ அதிலிருந்த பழைய 'ஐ' எழுத்தை மட்டும் தடவிக்கொண்டு நின்றாய். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி பில் இல்லை, ஏகாம்பரம்.

ஆனாலும் எனக்கென்று ஒரு காகிதம் எழுதிவிட்டேன். ஊசி போட்டு அனுப்புவது இங்கே இன்றும் குற்றம்தான். ஆனால் மீளாத நிலையில் மெஷினில் இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி விட்டது. மாஜிஸ்திரேட்டைத் தேடி அலையும் பாடு 2023இல் போய், நோட்டரி போதும் என்றாகிவிட்டது. எனக்காக முடிவெடுக்க மகள் பேரைப் போட்டிருக்கிறேன். படித்துவிட்டு நாலு நாள் பேசவில்லை. அஞ்சாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டு, "பேர் இருக்கட்டும்பா" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

நோட்டரி முன்னால் இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, அதுவரை இன்னொரு இடம் காலியாகவே இருக்கும்.

உன்
சம்பத்து