அதிபர் கடிதம்: இரண்டாம் தவணை நிறைவும் ஓர் ஆங்கிலக் கொப்பியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்த்தினப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றார்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் பொதுவாகத் திருப்தியே. பங்குபற்றிய அனைவருக்கும் பாராட்டுகள்.

சரி, ஆங்கிலக் கொப்பி விஷயத்துக்கு வருகிறேன்.

தரம் 9 மாணவி ஒருவர் தன் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். 'நான் எழும்பியபோது அம்மா வேலைக்குப் போயிருந்தார்' என்பதற்கு 'ஷீட் கான் டு வேர்க்' என்று எழுதி, ஆசிரியையிடம் சரியும் வாங்கினார். மறுநாள் அந்தச் சரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'ஷீ வுட் கான்' என்று ஒரு திருத்தம். கீழே தமிழில், "டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாதா?" அப்புறம் பார்த்தால் இன்னும் சில கொப்பிகளிலும் இதே 'வுட்' ஏறியிருக்கிறது. டியூஷன் வகுப்பொன்றில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

மாணவி எழுதியதுதான் சரி. (தமிழில் எழுதினால் 'ஷீட்' கூரைத் தகரம் போலத் தெரிகிறது, என்ன செய்வது!) 'ஷீ'யோடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன 'டி' எழுத்து இரண்டு சொற்களுக்காக நிற்கும். ஒன்று 'ஹேட்', மற்றது 'வுட்'. எது என்பதை அடுத்து வரும் வினை காட்டிக் கொடுத்துவிடும். 'கான்', 'சீன்', 'ஈட்டன்' என்று வந்தால் அது 'ஹேட்'. 'கோ', 'சீ', 'ஈட்' என்று வந்தால் 'வுட்'. 'யூட் பெட்டர் கோ' என்பது மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது, அங்கே இருப்பது 'ஹேட்'தான். 'வுட் கான்' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. தொல்லை தருவது 'புட்', 'கம்' மாதிரிச் சொற்கள். இவற்றுக்கு இரண்டு இடத்திலும் ஒரே வடிவம். 'ஐட் புட் இட் ஒன் த டேபிள்' என்றால் மேசைமேல் வைத்திருந்தேன் என்றும் எடுக்கலாம், வைப்பேன் என்றும் எடுக்கலாம். முன்பின் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எதற்குச் சுருக்க வேண்டும், முழுதாக எழுதினால் என்ன?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் 'வந்துவிட்டேன்' என்றா பேசுகிறோம்? 'வந்துட்டேன்' என்கிறோம். அதை யாரும் பிழை என்பதில்லை. அலுவலகக் கடிதத்தில் 'ஹேட்' என்று முழுதாக எழுதத்தான் பழக்குகிறோம். நண்பனுக்கு எழுதும்போதும் உரையாடலிலும் சுருக்கம்தான் இயல்பு.

கூடவே வரும் 'டு', 'இன்', 'ஒன்' போன்றவற்றிலும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'வேலைக்கு' என்பதில் சொல்லின் வாலாக வரும் 'கு', ஆங்கிலத்தில் 'டு' என்று தலைப்பக்கம் போய் நிற்கிறது. இன்னொன்று. 'அப்பா கொழும்புக்குப் போயிருந்தார்' என்று நாம் சொன்னால் அவர் திரும்பி வந்தாரா இல்லையா என்பது அந்த வரியில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஹீட் கான் டு கொழும்பு' என்றால் அப்போது அவர் இன்னும் திரும்பி வரவில்லை. 'ஹீட் பீன் டு கொழும்பு' என்றால் போய் வந்தவர். இதை ஆசிரியை விளக்கியபோது வகுப்பில் பாதிப்பேர் 'கான்' என்றே தங்கள் வரியை எழுதினார்களாம்.

இனி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் திருத்திய கொப்பியில் வேறு எவரும் கோடிடக் கூடாது. பெற்றோரானாலும் சரி, டியூஷன் ஆசிரியரானாலும் சரி. ஆசிரியரைக் குறைத்துப் பேசும் வரியைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதை இனி நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கொப்பியை வகுப்பில் நீட்டியவர் பிள்ளைதான். அவர் தலைகுனிந்து நின்றதை நானே பார்த்தேன்.

கோபத்தில் எழுதியவரையும் நான் தவறாக நினைக்கவில்லை. பிள்ளையின் ஆங்கிலத்தில் அக்கறை இருப்பதால்தானே கொப்பியைத் திறந்து பார்த்தார்? சந்தேகம் வந்தால் ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள், போதும். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் 3 மணிவரை ஆசிரியை இருப்பார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாருக்கு அந்த நேரம் தோதுப்படாது என்று தெரியும். அவர்கள் வசதியான நாளைத் துண்டில் குறித்தால் நானும் உடனிருந்து பேசுகிறேன்.

சிரமதானத்துக்கு மழையையும் பாராமல் வந்து வேலியைச் சரிசெய்து தந்த பெற்றோருக்கு மிக்க நன்றி. அன்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிய தாய்மாருக்கும் நன்றி.

இங்ஙனம்,
அதிபர்