கொன்றைப் பூ ஃபோட்டோவும் உன் இடது கையும்

தம்பி,

வாட்ஸப்ல அப்பா இவ்ளோ நீளமா டைப் பண்றது இதான் முதல் தடவை. மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு சேத்து வச்சு இப்ப ஒண்ணா அனுப்புறேன், ஆபீஸ்ல இருக்கும்போது திறக்காத, ராத்திரி ரூமுக்குப் போய் சாப்பிட்டுட்டு நிதானமா படி.

ஜூன் ஆரம்பத்துல நீ பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் பாட்நன்ட் தோட்டத்துக்குப் போனப்ப ஒரு ஃபோட்டோ அனுப்பின, ஞாபகம் இருக்கா, ரெண்டு பக்கமும் மஞ்சப் பூ சரம் சரமா தொங்குற பந்தலுக்கு அடியில நின்னுகிட்டு, "அப்பா இங்கயும் நம்ம சரக்கொன்றை"ன்னு எழுதியிருந்த. எனக்கு அவ்ளோ சந்தோஷம். முப்பது வருஷம் ப்ளஸ் டூ பசங்களுக்கு பாட்டனி எடுத்தவன் பையன் பூவப் பாத்ததும் அப்பாவ நெனச்சிருக்கான்னு. ஆனா அது கொன்றை இல்லப்பா. லபர்னம். 1880ல வச்ச பந்தல், 55 மீட்டர் நீளம். நம்ம கொன்றைப் பூ அஞ்சு இதழும் விரிஞ்சு நிக்கும், லபர்னம் பூ பட்டாணிப் பூ மாதிரி, அகத்திப் பூ மாதிரி மூடினாப்ல இருக்கும். இலையைப் பாத்தா இன்னும் சுலபம், லபர்னத்துல மூணு மூணு சிற்றிலைதான், கொன்றையில ஜோடி ஜோடியா நீளமா போகும். அந்த மூணு இலை இருக்கான்னு பாக்கத்தான் ஃபோட்டோவை ரெண்டு விரலால பெருசாக்கினேன். கொஞ்சம் கீழ நகந்துடுச்சு, உன் இடது கை வந்துச்சு. விரலுக்கு நடுவுல நீல கலர்ல ஒண்ணு, ஹைலைட்டர் பேனான்னு நெனச்சேன், அப்புறம் மேல ஓட்டை தெரிஞ்சுச்சு, வேப், அதான் அந்த ஈ-சிகரெட்.

அன்னைக்கு "அழகா இருக்குப்பா"ன்னு மட்டும் ரிப்ளை போட்டேன். நாலு மாசம் ஆச்சு. திட்டணும்னு ஒரு நாளும் தோணலை, தோணினாலும் எனக்கு அந்த உரிமை கிடையாது, 28 வருஷம் சிகரெட் பிடிச்சவன் நான், நீ தொட்டில்ல கெடந்தப்ப வாசல் படியில உக்காந்து ஊதிட்டு கையக் கழுவிட்டு வந்து உன்னைத் தூக்கியிருக்கேன். பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி முதல் சிகரெட். நாலு மாசமா பேசாம இருந்ததுக்குக் காரணம், வெறும் பயத்தை உன்கிட்ட கொண்டுவரக் கூடாது, ஏதாவது தெரிஞ்சுகிட்டு வரணும்னு நெனச்சேன். என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இப்ப சென்னையில ஒரு மெடிக்கல் காலேஜ்ல பார்மகாலஜியில, அதாவது மருந்தியல்ல இருக்கா, அவகிட்ட யாருக்குன்னு சொல்லாம கேட்டேன், பேப்பர் பேப்பரா அனுப்பினா, படிச்சேன், புரியாததை ஃபோன் போட்டு கேட்டேன்.

அதுல முதல்ல கண்ணுல பட்டது என்ன தெரியுமா, நீ எந்த மரத்துக்கு அடியில வேப்பை வச்சுகிட்டு நின்னியோ அதே லபர்னம். அதுக்குள்ள சைட்டிசின்னு ஒரு ஆல்கலாய்டு இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல புகையிலை கிடைக்காதப்ப சோல்ஜருங்க இந்த மரத்து இலையைத்தான் சுருட்டிப் பிடிச்சிருக்காங்க. புகையிலை கத்தரிக்காய் குடும்பம், இது அவரைக் குடும்பம், ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா ரெண்டும் மூளையில போய் உக்கார்ற இடம் ஒண்ணு. பல்கேரியாக்காரங்க அதைப் பிடிச்சுகிட்டு 1964லயே டேபெக்ஸ்னு மாத்திரையா போட்டுட்டாங்க, கிழக்கு ஐரோப்பா முழுக்க அம்பது வருஷம் அதைத் தின்னுதான் சிகரெட்டை விட்டிருக்காங்க, மத்த நாட்டுக்காரங்க பெருசா கண்டுக்கவே இல்ல. (இதைப் படிச்சுட்டு மரத்துல இருந்து எதையும் பறிச்சு வாயில வச்சிடாத, அந்த மரம் முழுக்க விஷம், விதை ரொம்ப மோசம்.)

முதல்ல நிக்கோட்டின் என்ன பண்ணுதுன்னா, உள்ள போன சில செகண்ட்ல மூளையில ஆல்ஃபா ஃபோர் பீட்டா டூன்னு சொல்ற ரிசெப்டர்ல, அதாவது அது போய் ஒட்டுற இடத்துல உக்காருது, உக்காந்ததும் டோப்பமின்னு சுகம் தர்ற கெமிக்கல் வருது, சுகமா இருக்கு. பிடிக்கப் பிடிக்க அந்த ரிசெப்டர் எண்ணிக்கையே கூடுது, அதாவது பஸ்ல சீட்டு கூடிக்கிட்டே போகுது, காலி சீட்டெல்லாம் ஆள் கேட்டு சத்தம் போடுது. நிக்கோட்டின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், அதான் ராத்திரி தூங்கி எழுந்ததும் கை தானா தேடுது. சைட்டிசின் என்ன பண்ணுதுன்னா துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி முன்னாடியே போய் எடத்தைப் பிடிச்சுக்குது, கொஞ்சமா டோப்பமினும் வரவைக்குது, அதனால தவிப்பு கம்மி, பின்னாடி நிக்கோட்டின் வந்தாலும் உக்கார இடம் இல்ல, இழுத்தாலும் ருசி இல்ல. வாரெனிக்லின்னு ஒரு மாத்திரை இருக்கே, 2006ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, அதுவும் இந்த சைட்டிசினை வச்சு யோசிச்சு செஞ்சதுதான்.

இப்ப நம்பர் சொல்றேன், நம்பரைக் கேட்டுட்டு மனசு விட்டுடாத. வார்சாவுல 740 பேரை வச்சு பண்ண ட்ரையல், 2011ல வந்துச்சு, பாதிப் பேருக்கு சைட்டிசின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எதுன்னு குடுக்கறவங்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா சைட்டிசின் சாப்பிட்டவங்கள்ல 8.4 சதவீதம் சிகரெட் இல்லாம இருந்தாங்க, வெறும் மாத்திரையில 2.4. முதல்ல படிச்சப்ப எனக்கு 8 தானான்னு இருந்துச்சு. அப்புறம்தான் அந்த 2.4 உறைச்சுது. விடணும்னு தேடி வந்து, பேர் குடுத்த ஆளுங்க தம்பி அவங்க. வெறும் மனசை மட்டும் வச்சுகிட்டு நின்னதுல 100க்கு ரெண்டு மூணு பேர்தான் மிச்சம். நான் 28 வருஷத்துல அஞ்சு தடவை விட்டு அஞ்சு தடவையும் தோத்துட்டு, நம்மகிட்ட வைராக்கியம் இல்ல, நம்ம ஆளே சரியில்லன்னு உங்கம்மா மூஞ்சியப் பாக்காம திரிஞ்சேன். அந்த 2.4ஐ யாராவது அன்னைக்கே காட்டியிருந்தா நாலு வருஷம் முன்னாடியே போய் உதவி கேட்டிருப்பேன்.

நியூசிலாந்துல 1310 பேரை வச்சு சைட்டிசினையும், தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச், மெல்லுற கம் வகையறாவையும் மோத விட்டாங்க, 2014, ஒரு மாசத்துல விட்டிருந்தவங்க சைட்டிசின்ல 40 சதவீதம், மத்ததுல 31, ஆறு மாசத்துல 22, மத்ததுல 15. அந்த ஊர்ல கோவாய்னு ஒரு மரம், அதுவும் மஞ்சப் பூதான், அதுலயும் சைட்டிசின் இருக்கு. அமெரிக்காவுல 2023ல வந்த ட்ரையல்ல 810 பேர், 12 வாரம் சாப்பிட்டவங்கள்ல கடைசி நாலு வாரம் சுத்தமா இருந்தது 32.6 சதவீதம், வெறும் மாத்திரையில 7.

நீ கேப்ப, அதெல்லாம் சிகரெட்டுக்கு, நான் வேப்தானேன்னு. ஹாஸ்டல்ல சிகரெட்ல ஆரம்பிச்சு அங்க போய் வேப்புக்கு மாறியிருப்பன்னு நெனைக்கிறேன், அது நல்ல காரியம்தான், சிகரெட்டை விட அதுல கெடுதி கம்மின்னு உங்க ஊர் டாக்டருங்களே சொல்றாங்க, நான் இல்லங்கலை. இங்கிலாந்துல 886 பேர் ட்ரையல், 2019, வேப் குடுத்தவங்கள்ல ஒரு வருஷத்துல 18 சதவீதம் சிகரெட்டை விட்டாங்க, பேட்ச் வகையில 9.9 தான். ஆனா அப்படி விட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் வேப்பை இழுத்துகிட்டுதான் இருந்தாங்க. நீ இப்ப நிக்கிறது அந்த இடத்துல.

வேப்பை விடறதுக்குன்னே இப்ப தனியா ட்ரையல் நடக்குது. சைட்டிசின் குடுத்து 160 பேர், 2024ல வந்துச்சு, கடைசி நாலு வாரம் வேப் தொடாதவங்க 31.8 சதவீதம், வெறும் மாத்திரையில 15.1. இன்னொண்ணு பாஸ்டன் பக்கம் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்காரங்க பண்ணது, போன 2025 ஏப்ரல்ல வந்துச்சு, அதைப் படிக்கும்போது உன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி. 16ல இருந்து 25 வயசு வரைக்கும், 261 பேர், மூணு குரூப். வாரெனிக்லினும் வாராவாரம் கவுன்சலிங்கும் இருந்தவங்கள்ல 51 சதவீதம் கடைசி நாலு வாரம் வேப் தொடலை, வெறும் மாத்திரையும் அதே கவுன்சலிங்கும் 14, ஃபோன்ல மெசேஜ் உதவி மட்டும்னு விட்டவங்க 6. ஆறு மாசத்துல அந்த 51, 28 ஆயிடுச்சு, அதையும் மறைக்கலை. கம்மியானாலும் பக்கத்துல 7ம் 4ம் தான் நிக்குது. சிகரெட்டுன்னா மூச்சை ஊதச் சொல்லி கார்பன் மோனாக்சைடு பாப்பாங்க, வேப்ல புகையே இல்லையே அதனால எச்சில்ல கொட்டினின், அதாவது நிக்கோட்டின் உடம்புல மாறி வர்றது, அதைப் பாப்பாங்களாம், பொய் சொன்னா தெரிஞ்சுடும்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. நீ அங்க போன முதல் குளிர்காலத்துல ரெண்டு மாசம் சரியா தூங்காம, ஃபோன்ல குரலே இல்லாம இருந்தியே, அந்த மாதிரி மனசு உள்ளவங்களுக்கு வாரெனிக்லின் ஆகாதுன்னு பேச்சு இருந்துச்சு, அமெரிக்காவுல 2009ல கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே வச்சாங்க. அதைத் தீத்துக்கறதுக்காகவே 16 நாட்டுல 8144 பேரை வச்சு ஒரு ட்ரையல் பண்ணாங்க, பாதிப் பேர் மனநலப் பிரச்சனை உள்ளவங்க, 2016ல முடிவு வந்துச்சு, அந்த மாத்திரையால மனசு பெருசா கெட்டுப் போகுதுன்னு தெரியலை, அதே வருஷம் எச்சரிக்கையை எடுத்துட்டாங்க. குமட்டல் உண்டு, விசித்திரமா கனா வரும்னு சொல்றாங்க. ஆனாலும் டாக்டர்கிட்ட அந்தக் குளிர்காலத்தை ஒளிக்காம சொல்லிடு.

எல்லாமே ஜெயிச்சுதுன்னு நெனைக்காத. நிக்கோட்டினுக்கு எதிரா தடுப்பூசி ஒண்ணு ரொம்ப ஆசையா பண்ணாங்க, 2011ல கடைசிக் கட்டத்துல ஊசி போட்டவங்களும் போடாதவங்களும் ஒரே அளவுதான் விட்டாங்க. தலையில காந்தம் வச்சு வைத்தியம் ஒண்ணு 2020ல அமெரிக்காவுல அனுமதிச்சிருக்காங்க. பக்கவாதத்துல மூளையில இன்சுலாங்கற இடம் அடிபட்ட சிலருக்கு சிகரெட் ஆசையே அத்துப் போச்சுன்னு 2007ல கண்டுபிடிச்சாங்க, இந்த வைத்தியம் தொடுற இடத்துல அதுவும் ஒண்ணு. ஆசை உக்காந்திருக்கிற எடத்தையே கை வச்சுக் காட்டலாம்னு ஆனதுக்கு அப்புறம் இதை ஒழுக்கக் கேடுன்னு எவன் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சது பங்களாதேஷ், பாகிஸ்தான் ட்ரையல். டிபி வந்த 2472 பேர், 2020. சைட்டிசின்ல ஆறு மாசத்துல 32.4 சதவீதம், வெறும் மாத்திரையில 29.7. அதாவது மருந்து பெருசா ஒண்ணும் கூட்டலை. ஆனா அந்த 29.7ஐப் பாரு, வார்சாவுல 2.4 தானே. நோய் பயம் ஒரு பக்கம், ரெண்டு குரூப்புக்கும் ஒரு ஆள் உக்காந்து பேசியிருக்காங்க, டிபி மாத்திரைக்காக திரும்பத் திரும்ப வர்ற எடம் வேற. நான் கடைசியா விட்டதும் இப்படித்தான். அதுக்கு முன்னாடி மெடிக்கல்ல நிக்கோட்டின் கம் வாங்கி பபிள்கம் மாதிரி மென்னு எச்சில முழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, நாலே நாள்ல தூக்கிப் போட்டேன், எப்படி மெல்லணும்னு குடுத்தவரும் சொல்லலை நானும் கேக்கலை. அப்புறம் ஆஸ்பத்திரியில கவுன்சலர் அம்மா ஒருத்தங்கதான் ரெண்டு கடி கடிச்சு காரம் வந்ததும் கன்னத்து ஓரமா ஒதுக்கி வைங்க சார், காரம் அடங்கினதும் மறுபடி கடிங்கன்னு என் முன்னாடியே தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாங்க. அந்த கார்பன் மோனாக்சைடு மெஷின்ல மூச்சை ஊதச் சொன்னாங்க, 22ன்னு வந்துச்சு. சிகரெட்டை நிறுத்தி மூணு நாள் கழிச்சு ஊதினேன், 4. அந்தம்மா அந்தத் துண்டுச் சீட்டை என் சட்டைப் பையில வச்சு விட்டாங்க. அது இன்னும் பீரோவுல இருக்கு.

அதனால மாத்திரை மட்டும் போதும்னு இருக்காத, வாராவாரம் பேசறதுக்கு ஆள் குடுத்தா வேண்டாம்னு சொல்லாத. சைட்டிசின் 2024 ஜனவரியில இருந்து உங்க ஊர்லயே டாக்டர் சீட்டுக்குக் கிடைக்குது, 25 நாள் கோர்ஸ், அஞ்சாவது நாளுக்குள்ள நிறுத்திடணும். வாரெனிக்லின்னா 12 வாரம். எது உனக்கு ஆகும்னு அவங்க சொல்லட்டும், நான் பாட்டனிக்காரன்தான். போறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சு வச்சுக்க, காலையில கண்ணு முழிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் இழுப்பு? ஃபாகர்ஸ்ட்ரோம்னு ஒரு ஸ்வீடன்காரர் உண்டாக்கின டெஸ்ட்ல இந்தக் கேள்விதான் முக்கியம், அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா பிடி ரொம்ப இறுக்கம்னு அர்த்தம். எனக்கு சொல்ல வேண்டாம், அவங்ககிட்ட சரியா சொல்லு.

பொங்கலுக்கு நீ வர்றதுக்கு இன்னும் 13 வாரம் இருக்கு. இங்க வேப் 2019லயே தடை, கொண்டு வரவும் கூடாது, இங்க வந்து தவிச்சுப் போய் பஸ் ஸ்டாண்ட் கடையில சிகரெட் வாங்க நிப்பியோன்னுதான் ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. திங்கக்கிழமை லஞ்ச் டைம்ல ஃபோன் போட்டு அப்பாயின்ட்மென்ட் கேளு. தேதி கிடைச்சதும் அதை மட்டும் அனுப்பு, வேற விளக்கம் ஒண்ணும் எழுத வேண்டாம். முதல் தடவை சரியா வரலைன்னா உடனே அப்பாவுக்கு ஃபோன் போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மாகிட்ட நான் சொல்லலை. சொல்லணும்னு உனக்குத் தோணினா நீயே சொல்லிக்க.

நம்ம தெரு முனை கொன்றையில காய் தொங்குது, ஒண்ணை எடுத்து வந்து ஸ்கேல் பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்தேன், இதோட அனுப்பியிருக்கேன், ஒன்றரை அடி இருக்கு. அடுத்த தடவை லபர்னம் காயைப் பாத்தா தொடாம ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

அப்பா