எக்ஸ்போர்ட் செய்யும்போது பிட்ரேட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைகாசி பிறந்து குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா நடந்தால், அன்று சாயங்காலமே எல்லார் செல்போனிலும் ஊர்வல வீடியோ வந்துவிடுகிறது, ஆனால் பாதிக்கு மேல் முகமே தெரியாமல் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது. கல்யாண வீடியோவிலும் இதே கதைதான். உடனே கேமராவைக் குறை சொல்கிறோம். பல நேரம் கேமரா நன்றாகத்தான் எடுத்திருக்கும், எடிட்டிங் முடித்து எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது, அதாவது கடைசி ஃபைலாக மாற்றும்போது, பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவை) குறைத்துவிடுவதால்தான் கெட்டுப்போகிறது.

முழு எச்டி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வீதம் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 560 ஜிபி ஆகும். யாராலும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எச்.264 மாதிரி கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகள், ஒரு ஃபிரேமை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்து வருவதில் எது மாறியதோ அதை மட்டும் எழுதுகின்றன. மண்டபத்தில் ஒருவர் மைக் பிடித்துப் பேசினால் பின்னாலிருக்கும் அலங்காரம் மாறாது, குறைந்த பிட்ரேட்டே போதும். சிரசு ஊர்வலத்தில் அப்படியா? ஜனம் மொத்தமும் அசைகிறது, மாலை ஆடுகிறது, கற்பூரப் புகை வேறு, ஃபிரேமில் மாறாத இடமே கிடையாது. தாலி கட்டும்போது அட்சதை விழுகிற நொடியும் அப்படித்தான், வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அதைத்தான், பிட்ரேட் பத்தாமல் முதலில் உடைவதும் அதுதான்.

நொடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. 4கேயில் புள்ளிகள் முழு எச்டியைவிட நான்கு மடங்கு, அதே 8 மெகாபிட்டில் 4கே என்று கொடுத்தால் பெயர் மட்டும்தான் பெரிசு. இன்னொன்று, ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும் பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதற்காக மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே ஃபைலாக நசுக்குவது அநியாயம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் வரும்படி பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 கிட்டத்தட்ட பாதி அளவில் அதே தரம் தரும், ஆனால் பல பழைய டிவிகளில் ஓடாது.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்: டிவியில் ஓட எச்.264இல் ஒன்று, பத்திரமாக வைத்துக்கொள்ள அதிக பிட்ரேட்டில் இன்னொன்று.

- ஒரு வாசகர், குடியாத்தம்