ஐஸ் ஹவுஸ் கட்டிய துரைக்கு

பாஸ்டன் ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் துரை அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் கட்டிய ஐஸ் கிடங்கு அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் போய்விட்டன. சென்னையில் இருப்பது மட்டும்தான் மிச்சம். அந்தக் கடற்கரைக்கு மெரினா என்று பேர் வந்ததுகூட உங்கள் காலத்துக்குப் பிறகுதான்.

உங்கள் துணிச்சலைச் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நாலு மாதக் கடல் பயணமாக இந்த வெயிலுக்கு அனுப்புவதென்றால்! 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 டன், கரை சேர்ந்தது சுமார் 100 டன். கடனுக்காகச் சிறைக்கே போய்வந்த உங்களுக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிந்திருக்காது.

இங்கேயே மெஷினில் ஐஸ் செய்யப் பழகியதும் உங்கள் சரக்கு படுத்துவிட்டது. கிடங்கை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார். வெயில் நுழையக்கூடாது என்று நீங்கள் மூடிவைத்த சுவர்களில் ஜன்னல் திறந்து, சுற்றி வராந்தா போட்டு, நீதிபதி கெர்னன் பேரில் ‘காஸில் கெர்னன்’ என்று பெயரும் வைத்தார். 1897 பிப்ரவரியில், அமெரிக்காவுக்குப் போய்வந்த விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். உங்கள் ஊர்ப் பனி வந்து இறங்கிய வீட்டில் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வந்த சாமியார்! அதே வருஷம் அவருடைய சக துறவி, சசி மகராஜ் எனப்படும் ராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து, ஐஸ் ஹவுஸிலேயே ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். ஐயங்கார் காலமான பிறகு 1906-ல் வீடு ஏலத்துக்குப் போனது. மடம் மயிலாப்பூருக்கு மாறியது.

இதுவரை சொன்னது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியும். அடுத்த கதையைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த வீட்டில் பிடித்ததே அதுதான்.

1917-ல் அரசாங்கம் வீட்டை வாங்கியது. சகோதரி சுப்பலட்சுமி பால்ய விதவைகளை அங்கே தங்கவைத்தார். அவருக்கே பதினொரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். தலையை மழித்து மூலையில் உட்காரவைக்க அப்பா சம்மதிக்கவில்லை, படிக்கவைத்தார். 1911-ல் சுப்பலட்சுமி பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த வருஷமே எழும்பூரில் தன் வீட்டில் ஒரு சில பெண்களோடு இந்த வேலையைத் தொடங்கினார். எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள், துரை. அதுவும் பார்ப்பனக் குடும்பங்களில், பொம்மை வைத்து விளையாடும் வயதில் விதவையானவர்கள். அவர்கள் படித்து, டீச்சராகி, சொந்தமாகச் சம்பளம் வாங்கவேண்டும் என்பதுதான் திட்டம். நிறைய பேர் அப்படியே ஆனார்கள். ஆச்சாரத்தில் ஊறிய திருவல்லிக்கேணிக்குப் பக்கத்திலேயே இதை நடத்திக்காட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

விவேகானந்த சாமி அந்த வீட்டில் இருந்தது சில நாட்கள். பெண்கள் இருந்தது வருஷக்கணக்கில். 1963-ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி அரசாங்கம் அதற்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் வைத்தது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. இப்போது உள்ளே கண்காட்சி நடக்கிறது. சாமி பேரை வீட்டுக்கு வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கும் குறையில்லை: பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்கூட ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன்தான், ஏரியாவையே ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் பேரில் அங்கே ஒரு தெருவாவது இருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்படிக்கு,
சென்னைக்காரன் ஒருவன்