டன் மலை ஏன் பச்சையாக இல்லை? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

டன் மலையின் படத்தை அனுப்பி, "டூனைட் பாறையில் 90 சதவீதத்துக்கு மேல் ஆலிவின் என்ற கனிமம், ஆலிவின் பச்சை நிறம், அப்படியென்றால் மலை ஏன் மஞ்சள் பழுப்பாக இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாய். நியூசிலாந்தின் நெல்சன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மலையை 1859-இல் ஹோக்ஸ்டெட்டர் என்ற புவியியலாளர் போய்ப் பார்த்தார், அந்தப் பாறைக்கு டூனைட் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

டூனைட்போல, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசத்திலிருந்து வந்த பாறையின் ஆலிவினில் மக்னீசியமும் இரும்பும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, கிட்டத்தட்ட ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கில். அந்த ஒரு பங்கு இரும்பே போதும். மழை நீர் பட்டுப்பட்டு மக்னீசியம் கரைந்து ஓடிவிடும், இரும்பு துருவாக அங்கேயே தங்கிவிடும். படத்தில் நீ பார்ப்பது அந்தத் துருத்தோலைத்தான். சுத்தியலால் ஒரு துண்டை உடைத்தால் ஓரத்தில் மெல்லிய பழுப்பு விளிம்பு, அதற்கு உள்ளே வெளிறிய பச்சை, சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மணிமணியாக, இடையிடையே கன்னங்கரேலென்று குரோமைட் என்ற குரோமியக் கனிமம். அந்தக் கறுப்புமணிகள் சில இடங்களில் வரிவரியாக ஓடும். அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் கவசத்தில் பரவலாக இருப்பது டூனைட் இல்லை, ஆலிவினோடு பைராக்சீன் என்ற இன்னொரு கனிமமும் கணிசமாகக் கலந்த பெரிடோடைட் பாறை. ஆழத்திலிருந்து உருகிய குழம்பு மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது, அப்போது அது வழியில் இருக்கும் பைராக்சீனைக் கரைத்துக்கொண்டு ஆலிவினைப் படியவிட்டுப் போகிறது. குழம்பு போன தடம்தான் டூனைட். குரோமைட்டும் அந்தத் தடத்திலேயே படிகிறது. கடலடி மேலோட்டை உருவாக்கிய குழம்பு எந்த வழியாக மேலே போயிற்று என்பதை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம், எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் புவியியலில் இல்லை.

இந்தப் பாறைக்கு வயது சுமார் 28 கோடி ஆண்டு. மற்ற கடலடிபோலக் கீழே அமிழ்ந்து போகாமல், கண்டத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு தப்பித்துவிட்டது. தண்ணீர் புகுந்த இடங்களில் ஆலிவின், செர்பென்டைன் என்ற பச்சைக் கனிமமாகவும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமாகவும் மாறியிருக்கும். பாறை வழவழப்பாக, கரும்பச்சையாகத் தெரியும்.

அப்புறம் அந்த மொட்டைச் சரிவு. பக்கத்துப் பாறையில் அடர்ந்து நிற்கும் காடு இந்தப் பாறை தொடங்கும் கோட்டில் சட்டென்று நின்றுவிடுகிறது. மண்ணில் மக்னீசியம் அதிகம், கால்சியம் குறைவு, போதாததற்கு நிக்கலும் குரோமியமும் வேறு, அதனால் குட்டையான செடிகளும் புல்லும்தான் தாக்குப்பிடிக்கின்றன. முதலில் செம்பைத் தேடித்தான் சுரங்கம் போட்டார்கள், அது ஏமாற்றிவிட்டது, ஆனால் துணிச் சாயத் தொழிலுக்குக் குரோமைட் தேவைப்பட்டது, அதை இறக்க 1862-இல் குதிரை இழுக்கும் ரயில் பாதையே போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டன் மலையிலிருந்து நீளும் இந்தப் பாறைப் பட்டை தெற்கே, தென்தீவின் நீளத்துக்கு ஓடும் ஆல்பைன் பிளவு என்ற நிலப்பிளவில் வந்து அறுபட்டு நின்றுவிடுகிறது. அதே பாறை, அதே வரிசையில், தென்தீவின் தென்மேற்கில் ஒட்டாகோ பக்கம் ரெட் மலையில் மறுபடி தொடங்குகிறது. அந்த மலையின் சிவப்பும் இதே துருதான். 1940-களின் இறுதியில் ஹெரால்ட் வெல்மன் என்ற புவியியலாளர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி சுமார் 480 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது என்றார். புவித்தட்டுக் கொள்கை உருவாகாத காலம் அது, அவ்வளவு தூரம் நிலம் பக்கவாட்டில் போகும் என்று நம்பவே பலருக்கு மனம் வரவில்லை. அவருக்கு அந்தத் துணிச்சலைத் தந்ததில் இந்தப் பாறைக்குப் பெரிய பங்கு உண்டு. வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத பாறை இல்லையா!

உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் 'டூனைட்' சீவலை (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்த பாறைத்துண்டை) நீ நுண்ணோக்கியில் வைக்கும்போது நிறத்தை விட்டுவிட்டு, பைராக்சீனின் ஒரு வகையான ஆர்த்தோபைராக்சீனை எண்ணிப் பார். 10 சதவீதத்தைத் தாண்டினால் அது டூனைட் இல்லை, இன்னொரு வகையான கிளினோபைராக்சீன் கொஞ்சமாக இருக்கும் பட்சத்தில் ஹார்ஸ்பர்கைட் என்ற பெரிடோடைட் வகை. குரோமைட் மணிகளின் மெல்லிய ஓரத்தில் செம்பழுப்பாக ஒளி ஊடுருவுகிறதா என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா